மதுராந்தகத்தில் அரை மணி நேரம்

பிரவீன், தீபா, இரண்டு பேரும் கேளுங்கள்.

போன வாரம் ஐப்பசி பிறந்ததும் பிறக்காததுமாக நீங்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு, ஏற்காடா கொடைக்கானலா, எந்த நாள் மழை, எந்த நாள் வெயில் என்று அடித்துக்கொண்டீர்கள். நான் சிரித்தேன். "இன்னாப்பா சிரிப்பு?" என்று தீபா கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை. வாயால் சொன்னால் பாதியில் மறுபடி எழுந்து போய்விடுவேன், அதனால் எழுதுகிறேன். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுத்து. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மழைக்கே லீவு சாங்ஷன் பண்ணுகிற அதிகாரம் இந்த உலகத்தில் ஒரே ஒரு மனுஷனுக்குத்தான் இருந்தது. அவர் பெயர் தார்ப்பாய்.

சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பள நாளில் கையெழுத்து போடும்போது நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பென்னலூர் பக்கம் ஹைவே ஓரத்தில் லாரிக்குப் பட்டை ஸ்பிரிங் அடிக்கிற எங்கள் கம்பெனியில் நாற்பது பேர் வேலை செய்தோம், நாற்பது பேருக்கும் அவர் தார்ப்பாய்தான். அவர் ஸ்டோர் கீப்பர். யார்டில் கிடக்கும் இரும்புப் பட்டைகள் நனைந்து துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஆளுக்கு ஜுரம் வந்தால் கேட்காத கம்பெனி இரும்புக்குத் துரு வந்தால் கேட்கும். அதனால் புரட்டாசி பாதியிலேயே அவருக்குக் கை பரபரவென்று ஆகிவிடும். கண்ணில் பட்டதை எல்லாம் மூடிவிடுவார்.

ஒரு தரம் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி காரில் வந்தார். மீட்டிங் முடிந்து வெளியே வந்தால் காரைக் காணோம். யார்டில் இருபது இரும்புக் கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தோரு கட்டு இருக்கிறது. இருபத்தோராவதை அவிழ்த்தால் உள்ளே கார், காருக்குள் டிரைவர். தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் நடுவில் ஒருமுறை முழித்துப் பார்த்தாராம். கும்மிருட்டாக இருந்ததால் இன்னும் விடியவில்லை என்று திரும்பப் படுத்துவிட்டாராம்.

"யோவ், ஆள் உள்ள இருந்தா தெரியாதா?" என்று மேனேஜர் கத்தினார்.

"தெரிஞ்சிது சார். ஆளும் நனையக்கூடாது இல்ல?" என்றார் தார்ப்பாய்.

அவர் ஸ்டோரில் ஒரு சட்டம் இருந்தது. ஸ்லிப் இல்லாமல் ஒரு ஆணி வெளியே போகாது. ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு அட்டை தொங்கும். பின் கார்டு என்போம். எத்தனை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். முதலாளியே வந்து ஸ்க்ரூ டிரைவர் கேட்டாலும், "ஸ்லிப் எழுதுங்க மொதலாளி" என்பார். தன் மூக்குக் கண்ணாடி உடைந்து அதை ஒட்டக் கொஞ்சம் டேப் வேண்டியிருந்தபோது, ஸ்டோர் கீப்பராகிய தனக்குத் தானே ஒரு ஸ்லிப் எழுதி, கையெழுத்து போட்டு, தானே அதை வாங்கிச் சரி பார்த்துவிட்டுத்தான் டேப்பைக் கிழித்தார்.

மழைக்கும் ஒரு பின் கார்டு வைத்திருந்தார். நம்ப மாட்டீர்கள். மார்கழியில் கர்ப்போட்டம் என்று ஒரு பத்துப் பதினாலு நாள் வரும். அந்த நாட்களில் மேகம் கருத்தரிக்கிறது, ஒவ்வொரு நாளும் வானம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அடுத்த வருஷத்து மழை என்று வாலாஜாபாத் பக்கத்து விவசாயிகள் கணக்கு வைப்பார்கள். தார்ப்பாயும் அந்தப் பக்கத்து ஆள்தான். அந்தப் பதினாலு நாளும் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு ஸ்டோர் கூரை மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். ஒரு வாய் சோறு, ஒரு பார்வை வானம். கீழே இறங்கி அட்டையில் எழுதுவார்: 'கருமேகம், தெற்கே போனது. ஐப்பசி மூன்றாம் வாரத்துக்கு வரவு.'

"ணா, மழ வந்துதுன்னா ஸ்லிப் வாங்கிப்பியா?" என்று கேட்டேன்.

"வரட்டும், வாங்கிக்கிறேன். நீ போயி மிஷின பாரு."

இப்போது டூர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு டூர் உண்டு. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் ஃபர்னஸை அணைத்து இரண்டு நாள் ரிப்பேர் பார்ப்பார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு நாள் கம்பெனி மினி லாரியை எங்களுக்குத் தருவார்கள். பின்பக்கம் பெஞ்ச் போட்டு, மேலே கம்பிக் கூண்டு கட்டிப் போக வேண்டியது. வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்க, வடகிழக்கு மழை எந்த நாளில் தொடங்குமோ அந்த நாளாகப் பார்த்து டூர் கொடுத்த புண்ணியவான்கள் எங்கள் முதலாளிகள். அதனால் டூருக்குப் பிளான் போடுவது என்றால் மழைக்குப் பிளான் போடுவதுதான். மழைக்குப் பிளான் போட தார்ப்பாயை விட்டால் யார்?

எண்பத்தெட்டில் முதல் டூர். சிதம்பரம் என்று பிளான். விடியற்காலை எல்லோரும் குளித்துத் தலை சீவி நிற்கிறோம். தார்ப்பாய் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி வாணாம். மூணு மணிக்கு ஊத்தும்" என்று கேன்சல் பண்ணிவிட்டார். அன்றைக்கு அடித்த வெயிலில் யார்டில் இருந்த இரும்பு மேல் கை வைக்க முடியவில்லை. எண்பத்தொன்பதில் பிச்சாவரம். "சொட்டு விழாது, தைரியமா வாங்கடா" என்றார். ஒரகடம் தாண்டுவதற்குள் ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறிவிட்டது. அப்போது ஒரகடம் என்றால் இப்போது மாதிரி கார் கம்பெனியும் ஆறு வழி ரோடும் கிடையாது. நாலு கடை, ஒரு ஏரி, ரோட்டில் படுத்திருக்கிற நாய், அவ்வளவுதான். அந்த ஏரிக்கரையில் அவருடைய தார்ப்பாய்க்கு அடியில் இருபது பேர் குந்தி, பிச்சாவரத்தில் சாப்பிட வேண்டிய புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

தொண்ணூறில் மேனேஜரே ஏலகிரி என்று சொல்லிவிட்டார். தார்ப்பாய் இரண்டு நாள் உட்கார்ந்து கிராஃப் பேப்பரில் ரூட் போட்டுக் கொண்டுவந்தார். ஐந்தரை மணிக்கு ஸ்ரீபெரும்புதூர். ஏழரையிலிருந்து எட்டு வரை மதுராந்தகம், டீ. பிறகு ஏலகிரி.

ஏலகிரி மேற்கே இருக்கிறது. மதுராந்தகம் தெற்கே இருக்கிறது.

எங்களோடு சுடலை என்று ஒரு திருநெல்வேலிப் பையன் இருந்தான். ஹேமர் அடிப்பவன். கை எப்படியோ வாயும் அப்படி. "அண்ணாச்சி, ஏலகிரிக்குப் போக மதுராந்தகம் எதுக்கு? அப்படியே எங்க ஊருக்கும் போயிட்டுப் போவமே, எங்க அம்மையும் டீ போட்டுத் தருவால்லா" என்றான்.

"அங்க டீ நல்லா இருக்கும்டா."

"டீ குடிக்க நூறு கிலோமீட்டரு சுத்தணுமாவே?"

"நல்லா இருந்தா சுத்தலாம்" என்றார் தார்ப்பாய். முகத்தில் சிரிப்பே இல்லை.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சிதம்பரம் பிளானிலும் மதுராந்தகம் அரை மணி நேரம். பிச்சாவரம் பிளானிலும் மதுராந்தகம் அரை மணி நேரம். மனுஷனுக்கு டீப் பைத்தியம் என்று முடிவு கட்டினோம். அந்த வருஷம் அவசர லோடு என்று கடைசி நேரத்தில் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஏலகிரியும் இல்லை. எல்லோரும் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனோம். தார்ப்பாய் மட்டும் வெகு நேரம் கேட்டிலேயே நின்றார். அதையும் டீக் கணக்கில்தான் சேர்த்தோம்.

தொண்ணூற்றொன்று வந்தது.

அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்கிற எங்கள் ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோயிருந்தது. ஏன் என்று உங்களுக்கும் தெரியும். ஐப்பசி வந்தும் ரோட்டில் போலீஸ் குறையவில்லை. நாலு பேர் சேர்ந்து போனால் நிறுத்திக் கேட்பார்கள். அதற்காக தார்ப்பாய் தன் பிளானில் 'போலீஸ், அரை மணி நேரம்' என்று தனியாக ஒதுக்கியிருந்தார். இந்தத் தரம் பாண்டிச்சேரி. வழியில் வழக்கம் போல மதுராந்தகம், ஏழரை முதல் எட்டு, டீ. நோட்டீஸ் போர்டில் விதிகளும் ஒட்டினார். ஆளுக்கு இரண்டு துண்டு. தீப்பெட்டியை டப்பாவில் வைக்கவும். மழையில் டிரைவர் மெதுவாகப் போகவும். முதல் சொட்டு விழுந்ததும் வண்டியின் இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிடவும், கேட்காமல் அவிழ்க்கக்கூடாது.

அந்தக் கடைசி விதியை நான் இரண்டு தரம் படித்தேன். பக்கத்தில் சுடலை இருந்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அந்த யோசனை என்னுடையது பிள்ளைகளே, சுடலை மேல் பழி போட மாட்டேன். இரண்டு பக்கமும் மூடிவிட்டால் ரோடு தெரியாது. மதுராந்தகம் ஊருக்குள் திரும்பாமல் வண்டி நேரே போனால் மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. திண்டிவனத்தில் திரையைத் தூக்கி முகத்தைப் பார்க்க வேண்டும். நாலு வருஷமாக எங்களை அலைய விட்ட டீக்கு ஒரு பாடம். டிரைவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

டூர் அன்றைக்கு தார்ப்பாயைப் பார்த்து அசந்துபோனோம். காக்கிச் சட்டை இல்லை. சலவை வேட்டி, முகம் மழித்து, நெற்றியில் விபூதி. கையில் ஒரு மஞ்சள் பை, அதை யாரிடமும் தரவில்லை.

"பையில இன்னாணா? ஸ்பேர் தார்ப்பாயா?" என்றேன்.

"அந்த மாரிதான்னு வெச்சிக்கோயேன்" என்று பையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரகடம் தாண்டி, சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் போலீஸ் நிறுத்தியது. ஒரு ஏட்டு டார்ச் அடித்துக்கொண்டு ஏறினார். வண்டி நடுவில் உருட்டி வைத்திருந்த பெரிய மூட்டையைக் காட்டி, "இதுல இன்னா?" என்றார்.

"தார்ப்பாய் சார்."

"அதுக்குள்ள?"

"இன்னொரு தார்ப்பாய் சார்."

"அது எதுக்குய்யா?"

"இது நனையாம இருக்க சார்."

ஏட்டு இரண்டையும் பிரிக்கச் சொன்னார். பிரித்துக் காட்டினோம். உள்ளே ஒன்றுமில்லை. அதுதான் அவருக்கு அதிக சந்தேகமாக இருந்தது. "எல்லாரும் எங்க போறீங்க?" என்றார். "டீ குடிக்க" என்று சுடலை சொல்லித் தொலைத்தான். சரியாக அரை மணி நேரம் ஆயிற்று, பிளானில் எழுதியிருந்தபடியே. தார்ப்பாய் வாட்சைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

செங்கல்பட்டில் முதல் சொட்டு விழுந்தது. அட்டையில் எழுதியிருந்த அதே வாரம். வாழ்க்கையில் முதல் தரம் அவர் கர்ப்போட்டம் பலித்தது. "பார்த்தியா! பார்த்தியா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றார். நாங்கள் கைதட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டினோம். உள்ளே இருட்டாகிவிட்டது. மேலே மழை தடதடவென்று கொட்டியது. நான் ஓரத்தில், அவர் என் பக்கத்தில்.

"தம்பி, ஏழு இருபது. ஏரிக்கரை வரணுமே, எட்டிப் பாரு."

நான் கயிற்றை லேசாகத் தளர்த்தி எட்டிப் பார்த்தேன். ஏரிக்கரை வந்திருந்தது. ஊருக்குள் பிரிகிற ரோடும் வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் அந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டி திரும்பாமல் நேரே போயிற்று.

"இன்னும் படாளமே வரலணா. மழைல டிரைவர் உருட்டிகினு போறாரு" என்றேன். எதிரில் இருந்தவர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"மெதுவாவே போவட்டும். நான்தான் எழுதி வெச்சேன்" என்றார்.

ஏழு நாற்பதுக்குக் கேட்டார். வரவில்லை என்றேன். எட்டு ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது, "எட்டு வரிக்கும் டைம் கீது" என்றார், என்னிடம் அல்ல, தனக்குத் தானே. எட்டேகாலுக்குப் பிறகு கேட்கவில்லை. பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்தில் வண்டி நின்றது. திரையைத் தூக்கினோம். எதிரில் டீக்கடை, கடை மேல் ஊர்ப் பெயரோடு போர்டு. இருபது பேரும் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. "அண்ணாச்சி, மதுராந்தகத்து டீ ஆறிப் போச்சு. திண்டிவனத்து டீ குடிங்க!" என்று சுடலை குதித்தான்.

தார்ப்பாய் போர்டைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ எட்டிப் பார்த்தியே தம்பி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். "ணா, ஒரு டீக்கா இவ்ளோ கோவம்?" என்று பின்னாலேயே கத்தினேன். திரும்பவில்லை. வரலாற்றிலேயே முதல் தரமாகத் தார்ப்பாய்களை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் பாண்டிச்சேரிக்குப் போனோம். நன்றாகத்தான் இருந்தோம். நம் வீட்டு ஷோகேஸில் ஒரு போட்டோ இருக்கிறதே, கடற்கரையில் பெரிய தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரிப்போமே, அது அன்றைக்கு எடுத்ததுதான். 'அப்பா எவ்ளோ ஜாலியா இருந்திருக்காரு' என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் வேறு வேலை பார்ப்பதை நீங்கள் கவனித்ததில்லை.

இரண்டு நாள் கழித்து ஃபர்னஸ் பற்ற வைத்தார்கள். கையுறை வாங்க ஸ்டோருக்குப் போனேன். தார்ப்பாய்க்குக் கண் சிவந்திருந்தது. ஜுரம். ஸ்லிப்பை நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"அன்னிக்கி ஏழரைக்கு எம் பொண்ணு அங்க நின்னுகினு இருந்தா தம்பி" என்றார். "கொழந்தைய தூக்கிகினு. எட்டரை வரிக்கும் நின்னாளாம். வீட்டுக்குத் திரும்புற பஸ் பத்து மணிக்கு அங்க நின்னப்போ டீக்கடைக்காரரு சொன்னாரு." கையுறையை எடுத்து என் முன்னால் வைத்தார். "ரெண்டு ஜோடின்னு எழுதிக்கிற. ஒரு ஜோடிதான் வரும். அடிச்சித் திருத்து."

இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் வேறு ஆளுங்க பையனைக் கட்டிக்கொண்டு மதுராந்தகம் போய்விட்டாள். அவனுக்கு அங்கே சைக்கிள் கடை. இவருடைய சம்சாரம் அந்தத் துக்கத்திலேயே படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாகும்போது, 'நீயா அவளைத் தேடிப் போவக்கூடாது' என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மகள் இந்தப் பக்கம் வந்தால் இவருடைய தம்பிகள் சும்மா விடமாட்டார்கள்.

"லெட்டர் போட்டேன். லெட்டர் போடக்கூடாதுன்னு சத்தியத்துல இல்ல" என்றார். "கம்பெனி வண்டி டூருக்குப் போவும்மா, பஸ் ஸ்டாண்ட் எதுர டீக்கு நிக்கும், நீ அந்தப் பக்கம் வந்தீன்னா பார்க்கலாம்னு. நாலு வருஷமா எழுதினேன்."

"ணா, இந்த ஞாயித்துக்கெழமையே நான் இட்டுகினு போறேன் வாங்க. ரெண்டு மணி நேரம். பஸ்ஸுலயே போயிடலாம்."

அவர் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நீ இட்டுகினு போனா அது நான் போறது. கம்பெனி வண்டி நின்னா, அது வண்டி நின்னது. என் தப்பு இல்ல."

இந்த மாதிரி ஒரு வக்கீல் புத்தியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. செத்துப்போன மனைவிக்கும் உயிரோடு இருக்கிற மகளுக்கும் நடுவில் அந்த மனுஷன் கண்டுபிடித்த ஒரே சந்து அந்த அரை மணி நேர டீதான். அதைத்தான் நான் ஒரு சிரிப்புக்காக அடைத்துவிட்டேன். சைக்கிளில் போனாலே மத்தியானத்துக்குள் போய்ச் சேருகிற ஊர் அது. அவருக்கு அது கம்பெனி டூர் போனால்தான் இருக்கும், மற்ற நாளில் இருக்காது.

"அடுத்த வருஷம் நிக்கும்ணா. நான் நிறுத்துறேன்" என்றேன்.

"டைம் எழுதிக்கோ. ஏழரை" என்றார்.

அந்த மார்கழியில் அவர் கூரை மேல் ஏறவில்லை. ஆனியில் ரிடையர் ஆனார். கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அந்தக் கடிகாரத்தையும் ஸ்லிப் போட்டுத்தான் வாங்கிக்கொண்டு வாலாஜாபாத் பக்கம் தம்பி வீட்டோடு போனார்.

ஆயுத பூஜை நெருங்கியது. ஆர்டர் குறைந்துவிட்டது, டூர் வேண்டாம் என்றார்கள். நான் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டேன், மேனேஜரிடம் கெஞ்சினேன், வண்டியை வாங்கினேன். ரூட் நானே போட்டேன். ஏழரை முதல் எட்டு, மதுராந்தகம். சுடலையே அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினான். அவனுக்கும் நான் சொல்லியிருந்தேன். தேதியைச் சொல்ல நானே சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன்.

வாசலில் தம்பி நெல் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். யார், என்ன என்று சொன்னேன்.

"அண்ணனா? செத்துப் பதினெட்டு நாளாச்சே. காரியம்லாம் முடிஞ்சிது" என்றார். மாரடைப்பு என்றார். மழை வரும் போல இருக்கிறது என்று சொல்லி, களத்து நெல்லை மூட எழுந்தவர் அப்படியே விழுந்தாராம். அன்றைக்கு மழையும் வரவில்லையாம்.

"மகளுக்குச் சொல்லி அனுப்பினீங்களா?" என்று கேட்டேன்.

தம்பி ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "எந்த மவ?"

மறுநாள் ஸ்டோருக்குப் போனேன். புது ஆள் உட்கார்ந்திருந்தார். பழைய கையுறை எங்கே என்று தேடுகிற மாதிரி கடைசி ரேக் வரைக்கும் போனேன். எதற்காகப் போனேன் என்று எனக்கே தெரியாது. அங்கே மழையின் பின் கார்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கார்டு. கீழே அந்த மஞ்சள் பை.

பைக்குள் ஒரு மழைக் கோட்டு. மிச்சமான தார்ப்பாய்த் துண்டை வெட்டிக் கையாலேயே தைத்தது. மூன்று வயசுக் குழந்தைக்குப் போடலாம். பொத்தானுக்குப் பதிலாக வாஷர்.

கார்டில் அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'மழைக் கோட்டு, சிறியது. வரவு ஒன்று.' அடுத்த வரி, டூர் அன்றைய தேதி: 'செலவு ஒன்று. யாருக்கு: பேத்தி.' அதற்கும் அடுத்த வரி, மறுநாள் தேதி: 'கொடுக்கப்படவில்லை. திரும்ப வரவு ஒன்று. இருப்பு ஒன்று.'

ரிடையர் ஆகும்போது அவர் ஏன் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை என்று உங்களுக்குப் புரிகிறதா? ஸ்டோரில் வரவு வைத்த பொருளை ஸ்லிப் இல்லாமல் வெளியே கொண்டுபோகக்கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போக என்ன காரணம் என்று ஸ்லிப்பில் எழுதுவார்?

நான் ஒரு ஸ்லிப் எழுதினேன். கையெழுத்து போட்டேன். கார்டில் கடைசி வரியும் நானே எழுதினேன்: செலவு ஒன்று, இருப்பு இல்லை.

ரூட்டில் மதுராந்தகத்தை நானே அடித்துவிட்டேன், டூர் வண்டி அந்த வருஷம் மகாபலிபுரம் போயிற்று. நான் போகவில்லை. அதே காலையில் தனியாகப் பஸ் ஏறி ஏழரைக்கு மதுராந்தகத்தில் இறங்கினேன். தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரே ஒரு டீக்கடைதான். கடைக்காரர் வயசானவர். விசாரித்தேன். சைக்கிள் கடையைக் காலி பண்ணிக்கொண்டு அவர்கள் செய்யூர் பக்கம் போய் ஆறு மாசம் ஆகிறதாம். மாமியார் மட்டும் இங்கேதான். பொங்கலுக்குப் பொண்ணு வரும், வந்தால் இந்தக் கடையில் எட்டிப் பார்க்காமல் போகாது என்றார்.

பையைக் கொடுத்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் என்று சொல்லி இரண்டையும் சொன்னேன். அவள் அப்பா இறந்துவிட்டார். போன வருஷம் அவர் சரியான நேரத்துக்குத்தான் வந்தார், வண்டியை நிறுத்தவிடாமல் செய்தது நான்.

கடைக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "ரெண்டுல எதப்பா மொதல்ல சொல்றது?"

"வண்டி விஷயத்த மொதல்ல சொல்லுங்க" என்றேன்.

பிறகு ஒரு டீ வாங்கினேன். மகா மட்டமான டீ. வெந்நீரில் சாயம், சர்க்கரை அடியில் கல்லு மாதிரி. இந்த டீயைத்தான் நாலு வருஷமாக அந்த மனுஷன் நல்லா இருக்கும், நல்லா இருக்கும் என்று எங்கள் இருபது பேரிடமும் சாதித்தார். எட்டு மணி அடிக்கிற வரைக்கும், அவர் ஒதுக்கி வைத்திருந்த அந்த அரை மணி நேரமும், நான் அங்கேயே நின்று அதை ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தேன்.